ஒரு கட்டி, மூன்று பெயர்: சார்கோமா அறிக்கையில் மரபணுவுக்கு என்ன வேலை?

தொடையில் வந்த கட்டியிலிருந்து ஊசியால் துணுக்கு எடுத்து அனுப்புகிறார்கள். முதல் ஆய்வகம் 'ஃபைப்ரோசார்கோமா' என்று எழுதித் தருகிறது. அதே ஸ்லைடை இன்னொரு இடத்தில் காட்டினால், நரம்புறையில் வந்த புற்றாக இருக்கலாம் என்கிறார்கள். மூன்றாவதாக மரபணுச் சோதனை முடிந்து வரும் தாளில் 'எஸ்எஸ்18 மரபணு உடைந்துள்ளது. சைனோவியல் சார்கோமா' என்று இருக்கிறது. கட்டி ஒன்றுதான், பெயர் மூன்று. யாரோ தப்பு செய்துவிட்டார்கள் என்றுதான் குடும்பத்தாருக்கு முதலில் தோன்றும்.

சில சமயம் தப்பும் நடந்திருக்கலாம். ஆனால் அரிய மென்திசுப் புற்றுகளில் பெரும்பாலும் நடப்பது வேறு. இந்தக் கட்டிகளுக்குப் பெயர் வைக்கும் முறையே கடந்த 40 ஆண்டுகளில் மாறிவிட்டது. முன்பு நுண்ணோக்கியில் தெரிந்த தோற்றம்தான் பெயர் தந்தது. இப்போது பல கட்டிகளுக்கு, குரோமோசோமில் எந்த இடம் உடைந்து எதனோடு ஒட்டிக்கொண்டது என்பது பெயர் தருகிறது. இரண்டும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. அது ஏன், ஒத்துப்போகாதபோது எதை நம்புவது, பெயர் மாறினால் சிகிச்சை மாறுமா என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

சார்கோமா என்பது எது?

தோல், குடல், நுரையீரல், மார்பகச் சுரப்பி போன்றவற்றின் உறைச் செல்களில் தொடங்கும் புற்று கார்சினோமா. அன்றாடம் நாம் கேள்விப்படும் புற்றுநோய்களில் பெரும்பாலானவை இந்த வகை. கொழுப்பு, தசை, நார்த்திசு, ரத்தக்குழாய், நரம்புறை, எலும்பு என்று உடம்பைத் தாங்கி இணைக்கும் திசுக்களின் சாயலோடு வருவது சார்கோமா. சதையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். எலும்பை ஒதுக்கிவிட்டால் மீதி மென்திசுச் சார்கோமா.

பெரியவர்களுக்கு வரும் புற்றுநோய்களில் சார்கோமா சுமார் 1 சதவீதம். குழந்தைகளிடம் அதன் பங்கு இதைவிடப் பல மடங்கு. அந்த 1 சதவீதமும் ஒரே நோய் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வகைப்பாட்டில் மென்திசு, எலும்புக் கட்டிகள் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரிந்து கிடக்கின்றன. அரிதான நோயை நூறாகப் பிரித்தால் என்ன ஆகும்? சில வகைகளை ஒரு பேதாலஜிஸ்ட் (துணுக்குகளை நுண்ணோக்கியில் ஆராயும் மருத்துவர்) தன் பணிக்காலம் முழுவதிலும் ஓரிரு முறை பார்த்தாலே அதிகம். பெயர்க் குழப்பத்துக்கு முதல் காரணம் இந்த எளிய கணக்குதான்.

இரண்டாவது காரணம், பழைய பெயர்கள் சாயலை வைத்து வந்தவை. ஒரு கட்டி கொழுப்பைப் போலத் தெரிந்தால் லைப்போசார்கோமா, மிருதுத் தசையைப் போலத் தெரிந்தால் லியோமையோசார்கோமா. அந்தத் திசுவிலிருந்துதான் அது பிறந்தது என்று இதற்கு அர்த்தம் இல்லை. சைனோவியல் சார்கோமா என்ற பெயர் மூட்டின் உட்சவ்வைக் குறிக்கிறது. மூட்டுகளின் அருகே அடிக்கடி வருவதாலும், நுண்ணோக்கியில் மூட்டுச் சவ்வை நினைவுபடுத்தியதாலும் அப்படி வைத்தார்கள். அந்தச் சவ்வுக்கும் இந்தக் கட்டிக்கும் உறவே இல்லை என்று பின்னால் தெரிந்தது. நுரையீரலிலும் கழுத்திலும்கூட இது வருகிறது. தப்பான பெயர் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பழகிவிட்டது, யாரும் மாற்றவில்லை.

மரபணுச் சேதம் இரண்டு விதம்

எல்லாப் புற்றும் மரபணுச் சேதத்தால் வருவதுதான். சார்கோமாக்களில் அந்தச் சேதம் இரண்டு பெரிய முகாம்களாகப் பிரிகிறது.

முதல் முகாமில் குரோமோசோம்கள் ஏறக்குறைய ஒழுங்காகவே இருக்கும். ஒரே ஒரு பெரிய தவறு மட்டும் நடந்திருக்கும். இரண்டு குரோமோசோம்கள் உடைந்து, துண்டுகள் இடம் மாறி ஒட்டிக்கொள்கின்றன. அச்சகத்தில் பைண்டிங் போடும்போது ஒரு புத்தகத்தின் முன்பாதியும் இன்னொரு புத்தகத்தின் பின்பாதியும் ஒரே அட்டைக்குள் வந்துவிட்டது போல. ஒட்டிய இடத்தில் இரண்டு மரபணுக்கள் சேர்ந்து ஒன்றாகின்றன. இதை இணைவு மரபணு என்போம். அதிலிருந்து உருவாகும் கலப்புப் புரதம் உடம்பில் இதற்குமுன் இருந்ததே இல்லை. சார்கோமாக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படிக் குறிப்பிட்ட ஓர் இணைவோடு வருபவை. இளவயதில் வரும் வகைகள் இதில் அதிகம்.

இரண்டாவது முகாமில் குரோமோசோம்கள் சிதறிக் கிடக்கும். எங்கு பார்த்தாலும் இழப்பு, இரட்டிப்பு, உடைவு. டிபி53, ஆர்பி1 போன்ற காவல் மரபணுக்கள் போயிருக்கும். வயதானவர்களுக்கு வரும் லியோமையோசார்கோமாவும், 'இன்ன திசு என்று சொல்ல முடியாத' பிளியோமார்ஃபிக் சார்கோமாவும் இங்கே சேரும். இந்த முகாமில் மரபணுச் சோதனை செய்தால் நீளமான பட்டியல் ஒன்று வரும். ஆனால் கட்டிக்குப் பெயர் தரும் ஒற்றை அடையாளம் அதில் இருக்காது.

'ஜீன் டெஸ்ட் எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடும்' என்ற நம்பிக்கை முதல் முகாமில் ஓரளவு பலிக்கும். இரண்டாவதில் பெரும்பாலும் ஏமாற்றம்தான்.

சைனோவியல் சார்கோமாவுக்குள் நடப்பது

முதல் முகாமுக்கு உதாரணமாக அந்தத் தப்பான பெயர் கொண்ட கட்டியையே எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் 15 முதல் 40 வயதுக்குள், முழங்காலைச் சுற்றிய பகுதியில் வரும். மெதுவாக வளரும். எக்ஸ்ரேயில் சில சமயம் சுண்ணப் படிவு தெரியும். மெதுவாக வளர்வதாலேயே 'சாதாரணக் கட்டி' என்று வருடக்கணக்கில் விட்டுவிடுவதும் நடக்கிறது.

இதில் 18-ஆம் குரோமோசோமில் உள்ள எஸ்எஸ்18 மரபணு, எக்ஸ் குரோமோசோமில் உள்ள எஸ்எஸ்எக்ஸ் மரபணுக்களில் ஒன்றோடு இணைந்திருக்கும். ஏறக்குறைய எல்லா நோயாளிகளிடமும் இது உண்டு. வேறு கட்டிகளில் இது கிடைப்பதில்லை என்றே சொல்லலாம்.

அந்தக் கலப்புப் புரதம் என்ன செய்கிறது? செல்லுக்குள் டிஎன்ஏ வெறும் நூலாகக் கிடப்பதில்லை. ஹிஸ்டோன் என்ற புரத உருளைகளில் சுற்றி வைக்கப்பட்டிருக்கிறது. எந்த இடத்தைத் தளர்த்திப் படிக்க வேண்டும், எதை மூடியே வைக்க வேண்டும் என்பதைப் பொறுத்துத்தான் ஒரே டிஎன்ஏ வைத்துக்கொண்டு ஒரு செல் தசையாகிறது, இன்னொன்று நரம்பாகிறது. தளர்த்தும் வேலையைச் செய்யும் புரதக் கூட்டத்தின் பெயர் பிஏஎஃப். எஸ்எஸ்18 அதில் ஓர் உறுப்பினர்.

இணைவு நடந்ததும் எஸ்எஸ்18-இன் வாலில் எஸ்எஸ்எக்ஸின் 78 அமினோ அமிலங்கள் தொங்க ஆரம்பிக்கின்றன. அந்த வால்தான் வினை. சரியான எஸ்எஸ்18-ஐ இந்தக் கலப்புப் புரதம் கூட்டத்திலிருந்து தள்ளிவிட்டு அந்த இடத்தில் தான் உட்காருகிறது. கூடவே ஐஎன்ஐ1 என்ற இன்னோர் உறுப்பினரும் வெளியே தள்ளப்படுகிறது. அப்புறம் அந்த வால், மூடியே இருக்க வேண்டிய பகுதிகளில் போய் ஒட்டிக்கொண்டு முழுக் கூட்டத்தையும் அங்கே இழுத்துச் செல்கிறது. வளர்ந்த உடம்பில் பேசாமல் இருக்க வேண்டிய மரபணுக்கள் அங்கே விழித்துக்கொள்கின்றன.

நுண்ணோக்கியில் இதன் தோற்றம் விசித்திரமானது. சில கட்டிகளில் சுரப்பி போன்ற செல்களும் கதிர் வடிவச் செல்களும் கலந்து இரண்டு விதமாகத் தெரியும். அப்படித் தெரிந்தால் பெயர் சொல்வது எளிது. கதிர்ச் செல்கள் மட்டுமே இருந்தால் ஃபைப்ரோசார்கோமா போலவும் இருக்கும், நரம்புறைப் புற்று போலவும் இருக்கும். தொடக்கத்தில் சொன்ன மூன்று பெயர்க் கதை இங்கிருந்துதான் வருகிறது. முதல் இரண்டு ஆய்வகங்களும் கண்ணில் பட்டதைத்தான் எழுதின.

காணாமல் போன ஒரு புரதம்

மேலே தள்ளப்பட்ட ஐஎன்ஐ1-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது முழுமையாகவே காணாமல் போனால் வேறொரு நோய் வருகிறது: எபிதீலியாய்டு சார்கோமா. ஃபிரான்ஸ் என்சிங்கர் என்ற பேதாலஜிஸ்ட் 1970-ல் இதைத் தனி நோயாக விவரித்தார்.

அரிய சார்கோமாக்களில் ஆளை ஏமாற்றுவதில் இதற்குத்தான் முதலிடம் தருவேன். இளைஞர்களின் விரல், உள்ளங்கை, முன்கையில் சிறு முடிச்சாகத் தொடங்கும். மேல்தோல் உடைந்து ஆறாத புண்ணாகும். பார்த்தால் புற்று என்றே தோன்றாது. துணுக்கு எடுத்துப் பார்த்தாலும் நடுவில் செத்த திசு, அதைச் சுற்றி வட்டமாகச் செல்கள் என்று காசநோயில் வருவது போன்ற கிரானுலோமாவை, அதாவது அழற்சிச் செல்கள் திரண்ட முடிச்சை, பார்ப்பது போல இருக்கும். காசநோய் அதிகம் உள்ள நாடுகளில் இந்தச் சாயல் எவ்வளவு ஆபத்து என்று விளக்க வேண்டியதில்லை. மாதக்கணக்கில் மாத்திரை, களிம்பு என்று போகும்போது கட்டி தசைநாண்களின் வழியாக மேலே ஏறிவிடும். பெரும்பாலான சார்கோமாக்கள் ரத்தத்தின் வழியே நுரையீரலுக்குப் போகும். இது நெறிக்கட்டுகளுக்கும் போகும்.

இதைப் பிடித்துக் கொடுப்பது ஒரு சாயச் சோதனை. இயல்பான எல்லாச் செல்களின் உட்கருவிலும் ஐஎன்ஐ1 இருப்பதால் அந்தச் சாயம் எங்கும் பழுப்பாக ஏறும். எபிதீலியாய்டு சார்கோமாவில் சுமார் 90 சதவீதக் கட்டிகளில் புற்றுச் செல்கள் மட்டும் சாயம் ஏறாமல் நிற்கும். பக்கத்திலேயே ரத்தக்குழாய்ச் செல்கள் பழுப்பாக இருக்கும், நடுவில் இவை வெளுத்திருக்கும். பொதுவாக ஒன்று 'இருக்கிறது' என்று காட்டும் சாயம் இங்கே 'இல்லை' என்று காட்டுவதால் உதவுகிறது. அறிக்கையில் 'ஐஎன்ஐ1 இழப்பு' என்று எழுதியிருந்தால் அது நல்ல செய்தி போல ஒலிக்கலாம். அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. சைனோவியல் சார்கோமாவில் அதே சாயம் முழுக்கப் போகாமல் மங்கலாக ஏறும். தள்ளப்பட்டதற்கும் தொலைந்ததற்கும் உள்ள வித்தியாசம் கண்ணாடித் தகட்டிலேயே தெரிகிறது.

ஒரே உடைவு, வேறு வேறு நோய்

இதுவரை படித்தவர்களுக்கு, இணைவைக் கண்டுபிடித்தால் பெயர் கிடைத்துவிடும் என்று தோன்றியிருக்கும். அங்கேதான் சிக்கல்.

22-ஆம் குரோமோசோமில் இடபிள்யூஎஸ்ஆர்1 என்று ஒரு மரபணு உண்டு. யார் வந்தாலும் கூட்டுச் சேரும் மரபணு. ஃப்ளை1 என்ற மரபணுவோடு சேர்ந்தால் யூவிங் சார்கோமா. டபிள்யூடி1-ஓடு சேர்ந்தால், பெரும்பாலும் இளம் ஆண்களின் வயிற்று உறையில் பரவும் டெஸ்மோபிளாஸ்டிக் கட்டி. ஏடிஎஃப்1-ஓடு சேர்ந்தால்?

இந்தக் கடைசிக் கேள்விக்கு மூன்று பதில்கள் இருக்கின்றன.

1. பாதத்தின், கணுக்காலின் தசைநாண் ஓரம் வந்தால் அது தெளிசெல் சார்கோமா. மெலனின் நிறமியை உண்டாக்கும், மெலனோமா என்ற நிறமிச் செல் புற்றின் சாயங்களை எல்லாம் ஏற்கும். தீவிரமான புற்று.

2. குழந்தையின் தோலுக்கடியில் ரத்தம் தேங்கிய பை போல வந்தால் அது ஆஞ்சியோமடாய்டு ஃபைப்ரஸ் ஹிஸ்டியோசைட்டோமா. வெட்டி எடுத்தால் பெரும்பாலும் கதை முடிந்தது. பரவுவது அபூர்வம்.

3. வாயில் சிறு உமிழ்நீர்ச் சுரப்பிகளில் வந்தால் அது சார்கோமாவே இல்லை. மெதுவாக வளரும் ஒருவகைக் கார்சினோமா.

மூன்றிலும் ஒட்டிக்கொண்ட மரபணுக்கள் அதே இரண்டுதான். எந்த வகைச் செல்லில், எந்தச் சூழலில் அந்த உடைவு நடந்தது என்பதைப் பொறுத்து நோய் மாறுகிறது. மரபணு அறிக்கையை மட்டும் வைத்துச் சிகிச்சை முடிவு செய்தால், குழந்தையின் சாதுவான கட்டிக்குத் தீவிரப் புற்றின் பெயர் விழும்.

இன்னோர் உதாரணமும் உண்டு. 17-ஆம் குரோமோசோமும் எக்ஸ் குரோமோசோமும் சேர்ந்து டிஎஃப்இ3 மரபணுவை இணைக்கும் உடைவு, தொடைத் தசையில் வந்தால் ஆல்வியோலர் மென்பகுதிச் சார்கோமா. சிறுநீரகத்தில் வந்தால் அது சிறுநீரகக் கார்சினோமாவின் ஒரு வகை.

ஒரே தோற்றம், வேறு வேறு உடைவு

எதிர்த்திசையிலும் இதே சிக்கல். ஜேம்ஸ் யூவிங் 1921-ல் எலும்பில் வரும் ஒரு கட்டியை விவரித்தார். சின்னச் சின்னதாய், வட்டமாய், சாயத்தில் நீலமாய்த் தெரியும் செல்கள். அதன் குரோமோசோம் உடைவு 1983-ல் தெரிந்தது. மரபணு 1992-ல் கைக்குக் கிடைத்தது. அதற்குள் உலகம் முழுக்க இதே நீல வட்டச் செல் கட்டிகளில் பலவற்றுக்கு யூவிங் என்று பெயர் விழுந்திருந்தது. எலும்பில் மட்டுமல்லாமல் மென்திசுவிலும்.

மரபணுவைப் பார்க்க ஆரம்பித்ததும் கூட்டத்தில் சிலர் வேற்றாள் என்று தெரிந்தது. சில கட்டிகளில் சிஐசி மரபணு டக்ஸ்4-ஓடு இணைந்திருந்தது. சிலவற்றில் பிகார் மரபணு மாறியிருந்தது. கொஞ்ச காலம் 'யூவிங் போன்றவை' என்ற பெயரில் ஓட்டினார்கள். 2020 வகைப்பாட்டில் இவற்றுக்குத் தனித்தனி இடம் கிடைத்தது. இது வெறும் பெயர்ச் சண்டை இல்லை. சிஐசி வகை, யூவிங்குக்குக் கொடுக்கும் கீமோதெரபிக்கு அவ்வளவாக மசிவதில்லை. பிகார் வகை பெரும்பாலும் யூவிங்கைப் போலவே பலன் தருகிறது.

இதைவிடப் பெரிய கதை 'மாலிக்னன்ட் ஃபைப்ரஸ் ஹிஸ்டியோசைட்டோமா' என்ற பெயரின் கதை. ஒரு காலத்தில் பெரியவர்களின் மென்திசுச் சார்கோமாவில் அதிகம் எழுதப்பட்ட பெயர் அதுதான். பழைய ஸ்லைடுகளைப் புதிய சாயங்களோடும் மரபணுச் சோதனைகளோடும் திரும்பப் பார்த்தபோது, அது ஒரு நோயே இல்லை என்று தெரிந்தது. பல நோய்கள் மோசமாகும்போது ஒரே மாதிரி ஆகிவிடுகின்றன, அவ்வளவுதான். குறிப்பாக வயிற்றின் பின்புறம் வந்தவற்றில் பல, உருமாறிய லைப்போசார்கோமாக்கள். 12-ஆம் குரோமோசோமில் எம்டிஎம்2 மரபணு பல பிரதிகளாகப் பெருகியிருந்தது அதைக் காட்டிக்கொடுத்தது. 2013-ல் அந்தப் பெயரையே வகைப்பாட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்கு முன் நோய் வந்தவர்களின் கோப்புகளில் அந்தப் பெயர் இன்னும் இருக்கிறது.

எம்டிஎம்2 சோதனை இன்று அன்றாட உபயோகத்தில் இருக்கிறது. முதுகிலோ கையிலோ தோலுக்கடியில் வரும் கொழுப்புக்கட்டிகளில் பெரும்பாலானவை ஒன்றும் செய்யாதவை. அவற்றுக்கு இந்தச் சோதனை தேவையில்லை. தொடையின் ஆழத்திலோ வயிற்றின் பின்புறமோ வரும் பெரிய கொழுப்புக்கட்டி வேறு. கண்ணுக்கு வெறும் கொழுப்பாகவே தெரியும் அதில் எம்டிஎம்2 பெருகியிருந்தால், அது நல்ல வேறுபாடு கொண்ட லைப்போசார்கோமா. அதே கட்டி கை கால்களில் வந்தால் 'இயல்பு மாறிய கொழுப்புக்கட்டி' என்று சாந்தமான பெயர் தருகிறார்கள். உயிரியல் ஒன்றே. கை காலில் முழுதாக வெட்டி எடுக்க முடியும், வயிற்றின் பின்புறம் முடியாது. கத்தி எட்டும் தூரத்தை வைத்துப் பெயர் மாறுவது எனக்கு இன்றும் கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கிறது.

ஆய்வகத்தில் என்ன வரிசையில் பார்க்கிறார்கள்?

1. துணுக்கு. ஆழத்தில் உள்ள கட்டி, 5 சென்டிமீட்டரைத் தாண்டிய கட்டி, வேகமாக வளரும் கட்டி இவற்றில் எம்ஆர்ஐ எடுத்தபின் தடித்த ஊசியால் துணுக்கு எடுப்பது முறை. ஊசி போகும் பாதை, பின்னால் அறுவையில் வெட்டப்போகும் பகுதிக்குள் இருக்க வேண்டும். 'ஊசி போட்டால் புற்று பரவும்' என்ற பயம் பலருக்கு உண்டு. உண்மையில் அதிகம் கெடுப்பது, என்னவென்று தெரியாமல் கட்டியை நேரடியாகத் தோண்டி எடுப்பதுதான். ஓரத்தில் புற்று மிச்சமிருக்கும், அடுத்த அறுவை இரண்டு மடங்கு பெரிதாகும்.

2. பதப்படுத்தல். துணுக்கை ஃபார்மலினில் ஊறவைத்துப் பாரஃபின் மெழுகில் பதிக்கிறார்கள். இந்த மெழுகுக் கட்டையைத்தான் 'பிளாக்' என்கிறார்கள். எலும்பு கலந்த துணுக்கை மென்மையாக்கக் கடுமையான அமிலம் சேர்த்தால் டிஎன்ஏவும், அதிலிருந்து செல் எடுக்கும் நகலான ஆர்என்ஏவும் சிதைந்துவிடும், பிறகு மரபணுச் சோதனை நடக்காது. இடிடிஏ கரைசல் பயன்படுத்தினால் தப்பிக்கும்.

3. சாதாரண ஊதா–இளஞ்சிவப்புச் சாயம். அனுபவமுள்ள கண்ணுக்குப் பாதி விடை இங்கேயே கிடைக்கும்.

4. எதிர்ப்புரதச் சாயங்கள். கெரட்டின், எஸ்100, டெஸ்மின், சிடி34, ஐஎன்ஐ1 என்று ஒவ்வொன்றாக. ஒரு சாயம் ஏறினால் மட்டும் பெயர் வந்துவிடாது. சாயங்களின் சேர்க்கைதான் பேசும். அண்மைக் காலத்தில் எஸ்எஸ்18–எஸ்எஸ்எக்ஸ் கலப்புப் புரதத்தையே நேரடியாகக் காட்டும் சாயமும் வந்துவிட்டது. பல ஆய்வகங்களுக்கு மரபணுச் சோதனையின் வேலையை இது மிச்சப்படுத்துகிறது.

5. ஃபிஷ் சோதனை. ஒரு மரபணுவின் இரு பக்கமும் சிவப்பு, பச்சை ஒளிப்புள்ளிகளை ஒட்டுவார்கள். மரபணு முழுதாக இருந்தால் இரண்டும் சேர்ந்து மஞ்சளாகத் தெரியும். உடைந்திருந்தால் தனித்தனியாகப் பிரியும். விலையும் நேரமும் குறைவு. ஆனால் உடைந்தது தெரியும், யாரோடு ஒட்டியது என்று தெரியாது. 'இடபிள்யூஎஸ்ஆர்1 உடைவு உள்ளது' என்ற வரியை மட்டும் வைத்து யூவிங் என்று சொல்லிவிட முடியாததன் காரணம் இதுதான்.

6. ஆர்என்ஏ வரிசைமுறைச் சோதனை. இரண்டு கூட்டாளிகளையும் பெயர் சொல்லிக் காட்டும். செலவு அதிகம். பழைய பிளாக்கில் ஆர்என்ஏ சிதைந்திருந்தால் விடை வராது. 'இணைவு காணப்படவில்லை' என்ற முடிவு வந்தால், சோதனை ஒழுங்காக ஓடியதா என்ற வரியையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

கடைசியில் தீவிரத்தின் அளவு வரும். அதிகம் புழங்கும் பிரெஞ்சு முறையில் மூன்றுக்கு மதிப்பெண்: செல்கள் இயல்பிலிருந்து எவ்வளவு விலகியுள்ளன, எத்தனை செல்கள் பிளவுபடுகின்றன, எவ்வளவு பகுதி செத்துக் கிடக்கிறது. கூட்டினால் கிரேடு 1, 2, 3. இந்த அளவுகோல் எல்லாக் கட்டிக்கும் பொருந்தாது. ஆல்வியோலர் மென்பகுதிச் சார்கோமாவில் செல் பிளவுகள் மிகக் குறைவு, பார்க்க அமைதியாக இருக்கும். ஆனால் நோய் தெரியவரும்போதே நுரையீரலுக்குப் போயிருப்பது சாதாரணம், மூளைக்கும் போகும். அதனால்தான் அதற்குக் கிரேடு போடுவதில்லை.

பெயர் மாறினால் மருந்து மாறுமா?

சில கட்டிகளில் தலைகீழாக மாறும். இரைப்பை, குடல் சுவரில் வரும் ஜிஸ்ட் கட்டியை முன்பு தசைப் புற்று என்று எழுதினார்கள். கீமோதெரபி எடுபடாது. 1998-ல் ஜப்பானின் ஹிரோட்டா குழு அதில் கிட் என்ற மரபணுவின் மாற்றத்தைக் கண்டுபிடித்தது. ரத்தப் புற்றுக்காக உருவாக்கிய இமாட்டினிப் மாத்திரை கிட் புரதத்தையும் தடுக்கும் என்பதால், 2000-ல் பின்லாந்தில் ஒரு நோயாளிக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். கட்டி சுருங்கியது. 2002-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஜிஸ்ட்டுக்கு அதை அனுமதித்தது. அதிலும் உட்பிரிவு உண்டு. கிட் மரபணுவின் 11-ஆம் எக்ஸானில் (எக்ஸான் என்பது மரபணுவின் ஒரு துண்டு) மாற்றம் இருந்தால் வழக்கமான அளவு போதும். 9-ஆம் எக்ஸானில் இருந்தால் கூடுதல் அளவு தேவைப்படலாம். பிடிஜிஎஃப்ஆர்ஏ மரபணுவின் டி842வி மாற்றம் இருந்தால் இமாட்டினிப் வேலையே செய்யாது. ஜிஸ்ட் நோயாளியிடம் மரபணுச் சோதனை இல்லாமல் மாத்திரை தொடங்குவது பூட்டைப் பார்க்காமல் சாவி வாங்குவது.

கைக்குழந்தைகளுக்கு வரும் ஃபைப்ரோசார்கோமாவில் என்டிஆர்கே3 இணைவு இருக்கும். அதைத் தடுக்கும் லாரோட்ரெக்டினிப் மருந்துக்கு 2018-ல் அனுமதி கிடைத்தது. எந்த உறுப்பில் புற்று என்று கேட்காமல், இந்த வகை இணைவு இருக்கிறதா என்று மட்டும் கேட்கும் மருந்து அது. முதல் 55 நோயாளிகளில் 75 சதவீதம் பேருக்குக் கட்டி சுருங்கியது. ஒரு குழந்தையின் காலை வெட்டுவதா வேண்டாமா என்ற கேள்வியையே மாற்றிய மருந்து என்று சொன்னால் மிகையில்லை.

ஆனால் இந்த இரண்டிலும் சேதமடைந்தது கைனேஸ் வகைப் புரதம், அதாவது செல்லுக்கு வளரச் சொல்லிச் சமிக்ஞை தரும் நொதி. அதில் மருந்து உட்காரக்கூடிய ஒரு பள்ளம் இருக்கிறது. சைனோவியல், யூவிங் கலப்புப் புரதங்கள் டிஎன்ஏவைச் சுற்றி வேலை செய்பவை. பிடிப்பதற்குப் பள்ளம் இல்லாத வழுவழுப்பான புரதங்கள். யூவிங்கின் மரபணு கைக்குக் கிடைத்து 30 ஆண்டுகளுக்கு மேலாகியும் அதன் சிகிச்சை இன்னும் கீமோதெரபி, அறுவை, கதிர்வீச்சுதான். மரபணுவைக் கண்டுபிடித்தால் மருந்து வந்துவிடும் என்ற செய்தித் தலைப்புகள் இந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை.

எபிதீலியாய்டு சார்கோமாவில் சுற்றுவழி ஒன்றைப் பிடித்தார்கள். டிஎன்ஏவைத் தளர்த்தும் பிஏஎஃப் கூட்டத்தில் ஐஎன்ஐ1 இல்லாவிட்டால், மூடும் வேலை செய்யும் ஈஇசட்எச்2 நொதியின் கை ஓங்கும். அதைத் தடுத்தால்? டேசிமெட்டோஸ்டாட் மாத்திரைக்கு 2020 ஜனவரியில் அமெரிக்க அனுமதி கிடைத்தது. ஆய்வில் 62 பேரில் சுமார் 15 சதவீதம் பேருக்குத்தான் கட்டி சுருங்கியது. தர்க்கம் அழகாக இருந்தது, உடம்பு அதை முழுசாக ஏற்கவில்லை.

சைனோவியல் சார்கோமாவுக்கு 2024 ஆகஸ்டில் வந்த அனுமதி இணைவைக் குறிவைக்கவே இல்லை. நோயாளியின் டி-செல்களை (நோயெதிர்ப்பு வெள்ளணுக்கள்) எடுத்து, புற்றுச் செல்லின் மேல் தெரியும் மேஜ்-ஏ4 என்ற புரதத் துணுக்கை அடையாளம் காணும்படி மாற்றி, திரும்பச் செலுத்தும் முறை அது. 44 பேரில் 19 பேருக்குப் பலன் தெரிந்தது. குறிப்பிட்ட சில எச்எல்ஏ வகை (ஆளுக்கு ஆள் மாறும் திசு அடையாளம்) உள்ளவர்களுக்கு மட்டுமே பொருந்தும். ஆல்வியோலர் மென்பகுதிச் சார்கோமாவுக்கு 2022 டிசம்பரில் அட்டிசோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்து அனுமதி பெற்றது. நாலில் ஒருவருக்கு அது கட்டியைச் சுருக்குகிறது. மற்ற சார்கோமாக்களில் பெரும்பாலும் எடுபடாத இந்த வகை மருந்து இதில் எடுபடுகிறது.

பிள்ளைக்கு வந்தது பெற்றோரிடமிருந்தா?

அறிக்கையில் மரபணு என்ற சொல்லைப் பார்த்ததும் 'எங்கள் வம்சத்தில் யாருக்கும் இல்லையே' என்று கேட்பவர்கள் அதிகம். இணைவு மரபணுக்கள் பரம்பரையாக வருவதில்லை. பிறந்தபின் ஏதோ ஒரு செல்லில் நடந்த உடைவு, அந்தக் கட்டியில் மட்டும் இருக்கும். சில கைக்குழந்தைக் கட்டிகளில் பிறப்பதற்கு முன்பே நடந்திருக்கும், அப்போதும் பெற்றோரிடமிருந்து வந்ததல்ல. கீழே விழுந்து அடிபட்டதாலும் வருவதில்லை. அடிபட்ட இடத்தைத் தடவிப் பார்க்கும்போது ஏற்கனவே இருந்த கட்டி கைக்குத் தட்டுப்படும், அவ்வளவே.

பரம்பரைத் தொடர்பு உள்ளவை வேறு. ஃபிரடெரிக் லீயும் ஜோசப் ஃபிராமெனியும் 1969-ல் விவரித்த குடும்பங்களில் சார்கோமா, இளவயது மார்பகப் புற்று, மூளைக்கட்டி எல்லாம் தலைமுறையாக வந்தன. காரணம் டிபி53 என்று 1990-ல் தெரிந்தது. உடம்பெங்கும் காப்பி நிறப் படைகளும் சிறு முடிச்சுகளும் வரும் என்எஃப்1 நோயில், வாழ்நாளில் சுமார் பத்தில் ஒருவருக்கு நரம்புறைச் சார்கோமா வருகிறது. பழைய முடிச்சு ஒன்று திடீரென்று வலித்தால், வேகமாகப் பெருத்தால் அவர்கள் உடனே காட்ட வேண்டும். கைக்குழந்தைகளுக்கு வரும் ராப்டாய்டு கட்டியிலும் ஐஎன்ஐ1-க்கான மரபணுவில் பிறவிச் சேதம் சிலருக்கு இருக்கும். இந்த மூன்றிலும் கட்டியைச் சோதித்தால் போதாது, ரத்தத்தையும் சோதிக்க வேண்டும். இரண்டும் தனித்தனிச் சோதனைகள், அறிக்கையில் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கையில் இருக்கும் தாளோடு

இரண்டாவது கருத்துக் கேட்கப் போகும்போது பலர் அறிக்கைத் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். தாளில் இருப்பது ஒருவர் பார்த்து எழுதியது. பார்க்கப்பட்டது பிளாக்கில் இருக்கிறது. ஸ்லைடுகளோடு பிளாக்கையும் கேட்டு வாங்க வேண்டும். ஸ்லைடில் புதுச் சாயம் போட முடியாது, பிளாக்கிலிருந்து புதிதாகச் சீவி எடுத்தால் முடியும். எம்ஆர்ஐ படங்களும் வேண்டும், ஏனென்றால் கட்டி எங்கே இருந்தது என்பதே பாதி விடை என்று மேலே பார்த்தோம். துணுக்கு சின்னதாக இருந்தால், முதலில் எந்தச் சாயங்களுக்குச் செலவழிப்பது, மரபணுச் சோதனைக்கு எவ்வளவு மிச்சம் வைப்பது என்று முன்கூட்டியே பேதாலஜிஸ்ட்டிடம் பேசிக்கொள்வது நல்லது. சீவிச் சீவித் தீர்ந்துபோன பிளாக்குகளோடு வருபவர்களுக்குத் திரும்ப ஊசி குத்துவதைத் தவிர வழி இருக்காது.